எங்கே தொட்டோம்?

விமானம் மடேரென்று இறங்கிய நாட்களில் காக்பிட் கதவைத் திறக்க நான் கொஞ்சம் தாமதம் செய்வேன். செக்லிஸ்ட் முடிந்திருக்கும், என்ஜின்கள் அடங்கியிருக்கும், உதவி விமானி பையை மூடிக்கொண்டிருப்பார். நான் மட்டும் ஏற்கெனவே படித்த காகிதத்தை இன்னொரு முறை படித்துக்கொண்டிருப்பேன். கதவைத் திறந்தால் 180 பேருக்கு முகம் காட்ட வேண்டும். ‘இவன்தானா?’ என்று போகிற போக்கில் ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பூப்போல இறங்கிய நாளிலோ முதல் பயணி எழுந்திருக்கும் முன்பே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நிற்பேன். கேப்டனாகிப் பல வருடம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

பயணிகளின் தீர்ப்பு இடுப்பெலும்பிலிருந்து வருவது. குலுங்கினால் மோசமான விமானி, குலுங்காவிட்டால் கெட்டிக்காரர். மதுரையில் ஒரு பெரியவர் இறங்கும்போது என் தோளைத் தட்டி, “என்ன தம்பி, ரன்வேல ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்காங்களா?” என்றார். “ஆமாங்கய்யா, இன்னிக்குத்தான் போட்டாங்க” என்றேன். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பெட்டி வருவதற்குள் அவர் அதை மறந்திருப்பார். பயணிகள் சொல்வது உறைப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தங்காது.

தங்குவது பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பது. அவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் சொல்லவே மாட்டார், அதுதான் சங்கடம். சக்கரங்கள் தரையில் பட்டதும் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக இருப்பதால் முதலில் இருவரும் வேலையைப் பார்ப்போம். ஓடுபாதையைவிட்டு வெளியே திரும்பிய பிறகு ஓர் அமைதி வரும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த அமைதியைச் சகிக்க முடியாமல், அடுத்தவர் நமக்காக ஒரு காரணத்தைத் தயார்செய்து கொடுப்பார். “கடைசில காத்து மாறிடுச்சுல்ல?” காற்று மாறியிருக்காது. இருவருக்கும் தெரியும். “ஆமா, கொஞ்சம் இறக்கிவிட்டுடுச்சு” என்று வாங்கிக்கொள்வோம். எங்கள் தொழிலில் எங்கேயும் எழுதப்படாத நாகரிகம் இது: மோசமாக இறக்கியவனிடம் அதைப் பற்றிப் பேசாதே, பேசினால் காற்றின் மேல் போடு.

நாகரிகம் காக்பிட்டோடு சரி. வாலுக்கருகே உட்காரும் பணிப்பெண்கள்தான் அடியை நன்றாக வாங்குகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே மதிப்பெண் தெரிந்துவிடும். வேறு ஊரில் பணி ஏற்கப் போவதற்காகப் பயணியாக ஏறிய சக விமானி யாராவது மூன்றாம் வரிசையில் இருந்தால் இன்னும் சிரமம். இறங்கிப் போகும்போது கையைக் குலுக்கி, “லாக் புக்ல எத்தனை லேண்டிங் எழுதப் போற?” என்று கேட்பார். குதித்துக் குதித்து இறங்கியவனிடம் கேட்கப்படும், உலகம் முழுக்க வழங்கும் பழைய கிண்டல். அன்று சாயங்காலத்துக்குள் க்ரூ அறையில் அந்தக் கதைக்குக் கை கால் முளைத்துவிடும்.

இந்தக் கிண்டலின் மறுபக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன், சந்தோஷமாகவே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தரையிறக்கம் என்பது கடைசி ஆறேழு வினாடிகளில் நடக்கும் காரியம் என்று வெளியே தெரிகிறது. ஏர்பஸ் 320இல் சுமார் 140 நாட் வேகத்தில், மூன்று டிகிரி சரிவில் வருகிறோம். அப்போது விமானம் நிமிடத்துக்கு 700 அடிக்கும் மேல் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். விமானமே 50, 40, 30 என்று குரல் கொடுத்து எண்ணும். 20 வந்ததும் விசையைக் குறைக்கச் சொல்லும். 30 அடி வாக்கில் மூக்கை மெல்ல உயர்த்துகிறோம். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். உயர்த்துவது தாமதமானால் இடி. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன், இன்னொரு படி இருக்கிறது என்று நம்பித் தரையில் காலை வைக்கும்போது முதுகுத்தண்டு வரை ஏறுமே, அந்த இடி. சீக்கிரம் உயர்த்தினால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். மிதப்பது சுகமாக இருக்கும். 140 நாட் என்றால் வினாடிக்கு 70 மீட்டருக்கு மேல். சுகமாக மிதக்கும் ஒவ்வொரு வினாடியிலும் அவ்வளவு ஓடுபாதை நமக்குப் பின்னால் போய்விடும்.

எனக்கு ஆரம்பத்தில் பயிற்சி கொடுத்த கேப்டன் விமானப்படையிலிருந்து வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். காக்பிட்டுக்குள் ஆங்கிலம் தவிர ஒரு வார்த்தை வராது. ஹோட்டலுக்குப் போகும் வேனில் ஏறியதும் தமிழ் வந்துவிடும். ஒருநாள் என் லேண்டிங் பலமாகத்தான் விழுந்தது. வேனில் உட்கார்ந்ததும், “சாரி சார்” என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்கே தொட்டோம்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “நல்லா இடிச்சிட்டேன் சார்.”

“அது என் முதுகுக்குத் தெரியும். ரன்வேல எந்த இடத்துல தொட்டோம்? அப்போ ஸ்பீடு என்ன? நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தோம்?”

மூன்றில் எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அடித்த சத்தம் மட்டும்தான் நினைவில் இருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார்: குறி வைத்த இடத்திலிருந்து இத்தனை தூரம், வேகம் இவ்வளவு, நடுக்கோட்டின் மேலேயே. “அதனால பரவாயில்ல. அடுத்த தடவை கேட்பேன், சொல்லணும்.” ஹோட்டல் வரும்வரை அப்புறம் காவிரியில் தண்ணீர் வராததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவையும் கேட்டார். அருமையாக இறங்கிய நாட்களில்தான் அதிகம் கேட்டார் என்பதைப் பிறகு கவனித்தேன்.

ஓடுபாதையில் தொட வேண்டிய பகுதி என்று ஒன்று உண்டு. முதல் 3,000 அடி, அல்லது ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. அதற்குள் சக்கரம் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது, அழுத்த வேண்டும். சக்கரங்கள் சுழன்று, சக்கரக் கால்களின் அதிர்வு தாங்கிகள் அமுங்கி, தரையில் இருக்கிறோம் என்று விமானத்தின் கணினி நம்பினால்தான் இறக்கைமேல் தடுப்புப் பலகைகள் எழும், என்ஜினின் எதிர்விசை கிடைக்கும். ஈரமான ஓடுபாதையில் மெத்தென்று இறங்கினால் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கிவிடும். டயர் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் மழை நாளில் கொஞ்சம் அழுத்தமாகவே தொடு என்றுதான் எங்களுக்குப் பாடமே இருக்கிறது. பயணி ‘மோசம்’ என்று சொல்லும் சத்தம் பல நாள் பாடத்தின்படி எழுப்பிய சத்தம்.

1993 செப்டம்பர் 14 அன்று வார்சா விமான நிலையத்தில் லுப்தான்சாவின் ஏர்பஸ் 320 ஒன்று ஈரமான ஓடுபாதையில் இறங்கியது. எதிர்பார்த்த பக்கக்காற்றுக்காக விமானத்தைச் சாய்த்து, கூடுதல் வேகத்தோடு வந்தார்கள். வலது சக்கரங்கள் முதலில் பட்டன. இடது சக்கரங்கள் பட இன்னும் 9 வினாடி ஆனது. அதுவரை கணினி தரை என்று ஒத்துக்கொள்ளவில்லை, பலகைகள் எழவில்லை. விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் போய் மண்மேட்டில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். தரையைத் தொட்ட விதத்தில் அதை மோசமான லேண்டிங் என்று எந்தப் பயணியும் சொல்லியிருக்கமாட்டார்.

நம் பக்கத்துக் கதைகள் இன்னும் கொடியவை. 2010 மே 22, மங்களூர். குன்றின் தலையைச் சீவிப் போட்ட ஓடுபாதை. துபாயிலிருந்து வந்த விமானம் உயரமாக, வேகமாக வந்து, சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி வாக்கில் தரையைத் தொட்டது. மறுபடி மேலே போகலாம் என்று உதவி விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்பக்கத்திலிருந்து காற்று, அதேபோன்ற குன்றுமேல் ஓடுபாதை. பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரம் பட்டது. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர். இந்த இரண்டு ஊர்களுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே தொடவேண்டிய கோடுகளைக் கடந்து மிதக்கத் தொடங்கினால் நெஞ்சுக்குள் ஒன்று குளிர்ந்துபோகும். எந்த இடியும் அப்படிப் பயமுறுத்தியதில்லை.

இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஒருவரை ஒருவர் எதை வைத்து அளக்கிறோம்? அதே இடுப்பெலும்பை வைத்துத்தான்.

ஒவ்வொரு லேண்டிங்கும் இப்போது பதிவாகிறது. விமானத்திலிருந்து எடுத்த தரவை நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு அலசும். தரையில் பட்ட கணத்தின் ‘ஜி’ எவ்வளவு, அதாவது புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு விசை என்று கணக்கு வரும். ஏர்பஸ் 320இல் 2.6ஐத் தாண்டினால் விமானத்தைச் சோதிக்க வேண்டும். நிறுவனங்கள் விமானியைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு அதைவிட மிகக் குறைவான எண்ணை வைத்துக்கொள்வது வழக்கம். இடித்தவனும் பட்டியலில் வருவான், தூரம் போய்த் தொட்டவனும் வருவான். தரவுக்குப் பாரபட்சம் கிடையாது. பாரபட்சம் எங்களுக்கு. இடித்தவனின் எண் க்ரூ அறையில் பட்டப்பெயராகும். தூரம் போய்த் தொட்டவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் காபி சிந்தவில்லை.

என்னோடு பறந்த இரண்டு இளைய விமானிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையனுக்குக் கை அப்படியொரு மென்மை. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல் நீளம், அன்று காய்ந்து கிடந்தது. 20 அடியில் பிடித்தான், பிடித்தபடியே போனான், போய்க்கொண்டே இருந்தான். சக்கரம் பட்டதே தெரியவில்லை. பின்னாலிருந்து இன்டர்காமில், “யார் சார் லேண்டிங்? சூப்பர்” என்று கேட்டார்கள். “தம்பிதான்” என்று பெருமையாகச் சொன்னேன். தொடவேண்டிய பகுதியின் கடைசி நுனியில் தொட்டிருந்தோம். அதை நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அந்தப் பாராட்டின் நடுவே சொல்வது அசிங்கமாக இருக்கும்போலத் தோன்றியது.

சில வாரம் கழித்துத் திருச்சியில், மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆன ஒரு மாலையில், ஒரு பெண் இறக்கினாள். வேகம் அச்சுப்போல இருந்தது. நடுக்கோடு மூக்குச் சக்கரத்துக்கு நேரே. குறித்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள், அழுத்தமாக. மேலே வைத்திருந்த யாருடைய பையோ புரண்டது. ஓடுபாதையைவிட்டுத் திரும்பியதும் வழக்கமான அமைதி. நான் நாகரிகமாக, “கடைசில காத்து மாறிடுச்சும்மா” என்றேன்.

“இல்ல சார்” என்றாள். “ஈரமா இருந்துச்சு. நான் அப்படித்தான் இறக்கணும்னு நினைச்சேன்.”

கோபமாகச் சொல்லவில்லை, விமான நிலையத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுட்டது. தஞ்சாவூர்க்காரர் கேட்டிருக்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் அவளிடம் பதில் இருந்தது, நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே அவள் தவறிவிட்டாள் என்று முடிவுசெய்து, மன்னிப்பும் வழங்கிவிட்டேன். நாங்கள் பெரிய மனசு என்று நினைத்துக் கொடுக்கிற அந்தக் காற்றுக் காரணத்துக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் தைரியம் என் இளமையில் எனக்கு வந்திருக்காது. பையனோடு மறுபடி பறந்தபோது, இறங்கத் தொடங்கும் முன்பே, “அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள தொடலைன்னா மேல போயிடு, நான் கேட்கமாட்டேன்” என்றேன். ஏன் அன்றே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விமானந்தாங்கிக் கப்பல்களில் இந்தச் சங்கடமே இல்லை. அமெரிக்கக் கடற்படையில் ஒவ்வொரு இறக்கத்தையும் தளத்தின் ஓரத்தில் நிற்கும் அதிகாரி பார்த்து மதிப்பெண் போடுகிறார். பிறகு விமானிகள் கூடும் அறைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார். சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வண்ண வண்ணக் கட்டங்கள். பச்சை நல்லது. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே நான்கு கம்பிகள் உள்ள கப்பலில் மூன்றாவதைப் பிடிப்பது உத்தமம். அங்கே யாரும் ஃப்ளேர் செய்வதில்லை, அந்தச் சரிவிலேயே வந்து தளத்தில் மோதுவதுதான் முறை, ஆகவே மென்மை என்ற பேச்சே எழாது. கொடுமையான ஏற்பாடு என்று முன்பு நினைத்ததுண்டு. எதை வைத்து அளக்கிறார்கள் என்பதாவது அங்கே வெளிச்சத்தில் இருக்கிறது.

வெளிச்சம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஹீத்ரோ. 2008 ஜனவரி 17, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777. சுமார் 700 அடி உயரத்தில் இரண்டு என்ஜின்களும் கேட்ட விசையைத் தர மறுத்தன. துணை விமானி ஜான் கவர்ட் கையில் விமானம் இருந்தது. கேப்டன் பீட்டர் பர்க்கில் ஃபிளாப்பை ஒரு படி குறைத்தார். காற்றின் தடை குறைந்து, இன்னும் சில மீட்டர்கள் கிடைத்தன. வழியிலிருந்த ஆன்டெனாக்களைத் தாண்டி, ஓடுபாதைக்கு 330 மீட்டர் முன்னால் புல்வெளியில் விழுந்தது விமானம். கால்கள் பிய்ந்துபோயின. உள்ளே இருந்த 152 பேரும் பிழைத்தார்கள். எரிபொருளில் உண்டான பனிக்கட்டி, எண்ணெய்க் குளிர்விப்பானின் முகப்பை அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று 2010இல் வந்த இறுதி அறிக்கை சொன்னது. அதற்குள் சக ஊழியர்கள் தங்கள் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள். தாம் உறைந்துபோய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததாக வதந்தி பரவியதைப் பர்க்கிலே பின்னர் எழுதியிருக்கிறார். 2009இல் வேலையைவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு திரும்பிவந்தார். அன்று எங்கள் பயிற்சி வகுப்பின் தேநீர் இடைவேளையிலும் அந்தப் பேச்சு ஓடியது. வாழ்நாளில் 777 ஏறாத நாங்கள், அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தோம்.

இடியெல்லாம் நல்லது என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திசையில் போனாலும் பள்ளம்தான். 2009 மார்ச் 23 அன்று டோக்கியோவின் நரிதாவில் ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்று, எம்டி-11, தரையில் பட்டுத் துள்ளியது. துள்ளியதை அடக்கப் பார்த்ததில் இன்னும் பலமாக மோதி, இறக்கை முறிந்து, தலைகீழாகக் கவிழ்ந்து எரிந்தது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். துள்ளிய பிறகு கை என்ன செய்தது என்பதை நான் தயங்காமல் பார்ப்பேன். பிடிவாதமாக அமுக்குகிறவரோடும், பதறி இழுக்கிறவரோடும் மறுபடி பறக்கும்போது என் கை கட்டுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இன்னொன்றையும் பார்ப்பேன். பலமாக விழுந்ததா இல்லையா என்று விமானிக்குச் சந்தேகம் வந்தால், அவர்தான் விமானத்தின் குறைகளைக் குறிக்கும் டெக் லாக்கில் எழுத வேண்டும். எழுதினால் பொறியாளர்கள் வருவார்கள், கால்களையும் இறக்கையின் வேரையும் பார்ப்பார்கள், அடுத்த பயணம் தாமதமாகும், ஊர் முழுக்கத் தெரியும். எழுதாமலும் இருக்கலாம், தரவு பிறகு சொல்லட்டும் என்று பேனாவை மூடிவிடலாம். எனக்கு மூத்த கேப்டன் ஒருவர், கடைசி இரவுப் பயணத்தில் இறக்கியதை எழுதினார். அதிகாலை விமானம் இரண்டு மணி நேரம் நின்றுபோனது. பயணிகள் கவுன்டரில் கத்தினார்கள். சோதித்ததில் ஒன்றும் இல்லை, எண் வரம்புக்குள்தான் இருந்தது. “வரம்புக்குள்ள இருந்ததுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?” என்று க்ரூ அறையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அந்த அதிகாலை விமானம் எனக்கு ஒதுக்கப்பட்டது. லாக்கைத் திறந்தால் அவர் கையெழுத்து: ‘தொடுதல் பலமாக இருந்தது, சோதிக்கவும்.’ கீழே பொறியாளரின் முத்திரை. நான் கையெழுத்துப் போட்டு விமானத்தை எடுத்துக்கொண்டேன். டெல்லியில் இறங்கியதும் அவருக்குப் போன் செய்து, அவர் எங்கே தொட்டார் என்று கேட்டேன். ஆயிரம் அடிக் குறிக்கு ஒரு விளக்கு தள்ளி, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடது பக்கம் என்றார். “எதுக்குக் கேக்குற?” என்றார். சும்மாதான் என்றேன்.